பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாத ஒன்று

இன்று காலையிலிருந்து என் ஆள்காட்டி விரலில் ஊதா மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கோயில் ஆபீசில் ஒரு பையனின் கட்டைவிரலைப் பிடித்து மை டப்பாவில் அமுக்கித் தாளில் வைத்து எடுத்தேன், அப்போது பட்டது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு விரல் நடுங்கும், மை பரவிவிடும், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னார். பையன் ஒடுகத்தூர்ப் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பம், இந்து. பெண் நம் கோயில் பெண், கிறிஸ்தவள். தோல் ஷாப்பில் நீ உட்கார்ந்து பட்டை இடித்த அதே இடத்தில் வேலை செய்கிறாள்.

தாளில் இரண்டே விஷயம்தான். அவள் கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன் என்பது ஒன்று. பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதம் என்பது மற்றொன்று. அதைச் சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியாருக்கு அனுப்பினால் அனுமதி வந்துவிடும். பீடத்துக்கு முன்னால் நிற்க முடியாவிட்டாலும், பக்கத்து அறையில் சாமியார் முன்னிலையில் கல்யாணம். அவன் மதம் மாற வேண்டாம். அவள் அவனை விட வேண்டாம். சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். நல்ல கையெழுத்து என்று சாமியார் வேறு பாராட்டினார்.

உனக்கு வேண்டியிருந்ததும் இந்த ஒரு தாள்தான்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே உனக்கு வந்த இரண்டு கடிதங்களையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். இதை இப்போது யார் உனக்கு வாசிப்பார்கள் என்று தெரியவில்லை. அங்கே பரலோகத்தில் சிறகோடு இருக்கிற சம்மனசுகளுக்கு ஆம்பூர்த் தமிழ் புரிந்தால் சரி. இல்லாவிட்டால் போகட்டும். உனக்குத் தெரியாததை நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் புது நன்மை வாங்கினோம், நாக்கில் முதல் அப்பம். ஒரே வருஷத்தில் தோல் ஷாப்புக்குப் போனோம். ஆண்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுவார்கள், நாம் கொட்டகையில் தோலைப் பதனிட ஆவாரம் பட்டையை இடித்துக்கொண்டிருப்போம். பட்டைத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் படியும். கை சிவந்து, பிறகு பழுத்த புளியின் நிறத்துக்கு வந்து, அப்படியே நின்றுவிடும். எனக்குக் கல்யாணம் கோயிலில் நடந்தது. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, பீடத்துக்கு முன்னால் மோதிரம் மந்திரித்து, சாமியார் கை வைத்து ஆசீர்வதித்த கல்யாணம். அந்த ஆசீர்வாதத்தோடு என் புருஷன் ஆறு வருஷம் என்னை அடித்தான். இடது காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. சாராயம் குடித்து ஈரல் வீங்கிச் செத்தான். அவனை அடக்கம் செய்த அன்று, கோயிலுக்குப் பிள்ளையாக இருந்தான் என்று பிரசங்கம் வைத்தார்கள்.

உன் ஏகாம்பரம் குடியாத்தத்துக்காரர். தறிக்காரக் குடும்பம். சனிக்கிழமை தோறும் லுங்கி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோல் ஷாப் வாசலுக்கு வருவார். நீ உன் அப்பனுக்கு லுங்கி வாங்குகிற சாக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று மடித்து வைப்பாய். நாலு மாதம் ஒரு லுங்கிகூட வாங்கவில்லை. ஐந்தாம் மாதம் அவர் கூடப் போய்விட்டாய். ஏதோ மலைக்கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டீர்கள். அவர் வீட்டில் அண்ணன் தம்பிகள் அவரைக் கழித்துக் கட்டினார்கள். அம்மாக்காரி மட்டும் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, உன் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், மகனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கெல்லாம் நான் அவரை அவன் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு அவர் என்று எழுதுகிறேன். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்யப் போவதில்லை.

பாலாற்றங்கரையில் உங்கள் வீடு ஒரே அறை. நான் விதவையான பிறகு சாயங்காலங்களில் அங்கே வருவேன். அவர் உனக்கு முன்னால் சாப்பிட உட்கார மாட்டார். நீ இருமினால் எழுந்து போய் வெந்நீர் வைப்பார். பட்டை இடித்துக் காப்பேறிய உன் கையைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார், நான் எதிரில் இருப்பதைப் பற்றி வெட்கப்படாமல். நான் வீடு திரும்பும்போது வயிறு எரியும். பாவத்தில் இருக்கிறவளுக்கு இவ்வளவு, கட்டளைப்படி நடந்தவளுக்கு ஒரு செவிட்டுக் காது. எனக்குப் பொறாமை. அதை விசுவாசம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன்.

நீ பூசைக்கு வருவதை விடவே இல்லை. உள்ளே வர முடியாது, நன்மை வாங்க முடியாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு வெளியே முக்காடு போட்டுக்கொண்டு நிற்பாய். அதைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வரும். அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? முதலாளி வீட்டில் ஏதோ விசேஷம், தோல் ஷாப்பில் இருந்த அத்தனை பேருக்கும் இலையில் கட்டிப் பிரியாணி வந்தது. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது. நான் என் பொட்டலத்தைத் தள்ளி வைத்தேன். நீயும் தள்ளி வைத்தாய். கொட்டகையில் இருந்த பத்துப் பெண்களுக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "விபசாரம் கூடாதுங்கற ஆறாம் கட்டளைய ஒடச்சவளுக்கு வெள்ளிக்கெழம ஒரு கேடா? சாப்புடுடீ, இதனால புதுசா இன்னா ஆயிடப் போவுது?" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிரியாணியை எடுத்துப் பக்கத்தில் இருந்த வயசான அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்து எழுந்து போனாய். உன் வீட்டில் அன்று வேறு சோறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம்தான் உன் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சு இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கக் கூடாது. சுவருக்கு வெளியே, வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவில் ஏகாம்பரம் தானே குழி வெட்டினார். நீ பச்சை உடம்போடு போய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றாய். சுவருக்கு உட்பக்கம், அதை ஒட்டிய வரிசையில் மூன்றாவது கல்லறை உன் அம்மாவுடையது. நடுவில் ஒரு முழச் சுவர்.

பிறகு வந்த தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், ஞான ஒடுக்கம் வந்தது. வெளியூரிலிருந்து இரண்டு பிரசங்கச் சாமிமார் வந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவார். கோயில் முன்னால் ஆளுயரச் சிலுவை நட்டார்கள். எட்டு நாள் பிரசங்கம், காலையில் பரலோகம், சாயங்காலம் நரகம். ஆறிப்போன கிறிஸ்தவர்களைத் திருப்ப வேண்டும், மாதா சபைப் பெண்கள் ஆளுக்கு ஓர் ஆத்துமத்தையாவது கடைசி ஞாயிற்றுக்குள் கூட்டிவர வேண்டும் என்றார்கள். நான் சபைத் தலைவி. கழுத்தில் நீல நாடா. மற்றவர்கள் குடிகாரர்களையும், வட்டிக்கு விடுகிறவர்களையும், சண்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வராமல் இருந்த மைத்துனர்களையும் தேடிப் போனார்கள். நான் எங்கும் தேடவில்லை. நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டை இடித்துக்கொண்டிருந்தாய்.

முதல் நாள் நல்லபடியாகத்தான் பேசினேன். பழைய புது நன்மைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நீ அழுதாய். உனக்கும் ஆசைதான். பூசைக்குள் வர வேண்டும், மண்டியிட வேண்டும், நாக்கை நீட்ட வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினாய் என்று இன்று நினைத்தால் தெரிகிறது. ஆனால் அவரை விட முடியாது என்றாய். இரண்டாம் நாளும் அதையே சொன்னாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாம் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தபோது நான் அதைச் சொன்னேன்.

"உன் புள்ள ஏன் செத்துப் பொறந்துதுன்னு நெனைக்கிற?"

அந்த வாக்கியத்தை எனக்கு எந்தச் சாமியாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே செய்தது. நீ வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் திரும்பத் தூக்கில் போட்டாய். மூடியை மூடி, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டாய். முகத்தில் ஒன்றும் இல்லை. அது பட்ட இடம் எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால்தான் உண்மை.

மறுநாள் சாயங்காலம் ஒரு துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தாய்.

வியாழக்கிழமை வேலை விட்டதும் ஏகாம்பரம் வந்தார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளே அம்மிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எல்லாம் உனக்குக் கேட்டது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, அவ கோயிலுக்குப் போவட்டும். நான் வேணாம்னு என்னைக்குமே சொன்னதில்ல. இனிமே புள்ள பொறந்தா உங்க கோயில்லயே தண்ணி ஊத்துங்க. எங்க கைநாட்டு வெக்கணுமோ சொல்லுங்க, வந்து வெக்கிறேன். எங்கம்மா இருக்கிற வரைக்கும் நான் மட்டும் மாற முடியாது. அவ்ளோதான்."

இன்று காலை அந்தத் தாளில் இருந்த இரண்டு விஷயத்தையும், யாரும் கேட்காமலே, வரிசைகூட மாறாமல் அவர் சொன்னார். கைநாட்டையும் சேர்த்துச் சொன்னார்.

"அப்டிலாம் ஒரு வழி கெடையாது. மாறு, இல்லாட்டி அவள வுட்டுடு" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். வழி இருக்கிறதா இல்லையா என்று என்னைத்தான் கேட்டாய், வாயைத் திறக்காமல். ஞானோபதேசக் கேள்வி பதில் புத்தகம் முழுதும் எனக்கு மனப்பாடம். அதில் இந்தக் கேள்வி இல்லை. புத்தகத்தில் இல்லாததற்குப் பதில் கிடையாது என்று நான் முடிவு கட்டினேன். கூப்பிடு தூரத்தில் சாமியார் பங்களா. போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். சபைத் தலைவிக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரே என்று வெட்கம். அது பாதி. மீதிப் பாதி, கேட்டால் வழி இருந்துவிடுமோ என்ற பயம்.

வெள்ளியும் சனியும் அவர் வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. சனிக்கிழமை உன்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போனேன். வரிசை சிலுவை வரைக்கும் நின்றது. உள்ளே வெள்ளைக்காரச் சாமியார். இந்துவோடு இருந்தேன், விட்டுவிட்டேன் என்று சொல் என்று சொல்லிக் கொடுத்தேன். நீ அப்படியே சொன்னாய். விட்டுவிட்டேன் என்று சொன்னபிறகு அவர் என்ன கேட்பார்? பாவமன்னிப்புக் கொடுத்தார்.

வாசல் தபசு என் யோசனை. நம் கோயிலில் அது பழைய வழக்கம்தான், ஆனால் பல வருஷமாக யாரையும் அப்படி நிறுத்தவில்லை. வெளிப்படையாகப் பாவம் செய்தவள் வெளிப்படையாகத் திரும்ப வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்கும் விசுவாசம் புதுப்பிக்கப்படும் என்று நான்தான் நம் ஊர்க் கோயிலின் விசாரணைச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அதைக் கேட்க மட்டும் எனக்கு அந்தப் பங்களாவுக்குப் போகக் கால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததிலிருந்து பிரசங்கம் முடியும்வரை, கோயில் வாசற்படியில், கையில் எரிகிற மெழுகுதிரியோடு நீ முழங்காலில் நின்றாய். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். நீ எண்ணெய் வைத்து வாரிய குழந்தைகளிடமும் கேட்டாய். உன் மேலே கண் வைத்திருந்து உன் அப்பனிடம் அடி வாங்கிய தோல் ஷாப் கங்காணியிடமும் கேட்டாய்.

நம் கோயில் வாசல் கிழக்குப் பார்த்தது. எட்டு மணிக்கே பங்குனி வெயில் நேராக முகத்தில் அடித்தது. மெழுகு உருகி உன் கைமேல் வழிந்தது. ஏகாம்பரம் வந்தார். உன்னைக் கூப்பிடவில்லை, உன்னிடம் பேசவில்லை. படிக்குக் கீழே உனக்கும் வெயிலுக்கும் நடுவில் போய், உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். அவர் நிழல் உன் முகத்தில் விழுந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் இறங்கிப் போய், "இங்க நிக்கக் கூடாது, ஓரமா போங்க" என்றேன். அவர் தள்ளிப் போனார். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அன்று நீ நன்மை வாங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாய். எப்படி இருக்கிறது என்று ரகசியமாகக் கேட்டேன். பரவசத்தை எதிர்பார்த்தேன். "நாக்கு காஞ்சிருந்துச்சா, அப்பம் ஒட்டிகிச்சு" என்றாய். பிரசங்கச் சாமியார் எனக்குச் சபையின் முன்னால் ஒரு மாதா படம் பரிசு கொடுத்தார்.

ஐந்தாறு மாதத்தில் குடியாத்தத்தில் அவருக்குப் பெண் கட்டி வைத்தார்கள். செய்தியை உன்னிடம் நான்தான் சொன்னேன். பார்த்தாயா, அவனுடைய ஆசை இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வியாக்கியானமும் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் உன்னைக் காட்டித்தான் ஊரைத் திருப்பினேன். இந்த ஆம்பூரில் நாம் ஏறாத படி உண்டா? நான் பேசுவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். இவளைப் பாருங்கள், சேசுவுக்காக எல்லாவற்றையும் விட்டவள் என்பேன். ஜனங்கள் என் பேச்சைக் கேட்டு வரவில்லை, எனக்கு அது அப்போதே தெரியும். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போது உன்னிடம்தான் அவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். நீ யாரையும் திட்டியதில்லை, பயமுறுத்தியதில்லை. கிளம்பும்போது "ஞாயித்துக்கெழம வாங்க, நானும் இருப்பேன்" என்பாய். அவர்கள் வந்தார்கள். கல்யாணமாகாமல் ஒருத்தனோடு இருந்த பெண் வீட்டுக்கு ஒரு முறை போனோம். நான் ஆரம்பிப்பதற்குள், "மொதல்ல சாமியாரக் கேளு. வேற யாரையும் கேக்காத" என்று நீ சொன்னாய். என் மரியாதையைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தின் முதல் வெள்ளி, தலைவெள்ளி பூசைக்கு நீ வரவில்லை. உன் வாசல் தபசுக்கு அடுத்த வருஷம். அந்த வாரம் நீ வேலூர் திருநாளுக்குப் போய்வந்திருந்தாய். வெள்ளிக்கிழமை வேலைக்கும் வரவில்லை, பூசைக்கும் வரவில்லை. மறுநாள் உன்னை நிற்க வைத்துத் திட்டினேன். ஒன்பது தலைவெள்ளி தொடர்ந்து நன்மை வாங்க வேண்டும், ஒன்று விட்டாலும் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்றேன். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, கால் வலி என்றாய். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

புதுச் சாமியார் வந்தபிறகு ஒரு நாள் பக்கத்து அறையில் நாலு நாற்காலி போட்டுப் பூ வைக்கச் சொன்னார். நம் பெண் ஒருத்திக்கும் வாலாஜாபேட்டை மளிகைக் கடைப் பையனுக்கும் கல்யாணம். பையன் நெற்றியில் திருநீறு. இது எப்போது வந்த சட்டம் சாமி என்று கேட்டேன். "புதுசு இல்லம்மா, எப்பவும் உள்ளதுதான். கேக்கிறவங்கதான் கம்மி" என்றார். நான் பூவை வைத்தேன். கல்யாணம் முடியும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அம்மிக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மத்தியானம் எப்போதும் போல உன் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தேன். நீ எனக்கு மாங்காய்த் துண்டு கொடுத்தாய். வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் அப்படிச் சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், ஈஸ்டர் போகட்டும், மழை விடட்டும். நடந்தது நடந்துவிட்டது, இப்போது சொன்னால் அவள் மனசு உடையும் என்று எனக்கு நானே இரக்கம் கற்பித்துக்கொண்டேன்.

பட்டைத் தூள் உன் நெஞ்சைத் தின்றுவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். சாகிற உடம்புக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசச் சாமியார் வருகிற நாளுக்கு முந்தின மத்தியானம், கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைக்கும்போது சொன்னேன். வழி இருந்தது. ஒரு தாள். அவர் சொன்னதையே எழுதி, அவர் வைக்கிறேன் என்ற கைநாட்டையே வைத்திருந்தால் போதும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அழுதேன்.

நீ கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்" என்றாய்.

இருமல் அடங்கட்டும் என்று காத்திருந்து, துண்டு துண்டாகச் சொன்னாய்.

"வேலூர் திருநாள்ல பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரு அப்பவே சொன்னாரு. ஏம்மா வுட்டுட்டு வந்த, எங்களக் கேக்கக் கூடாதான்னாரு. பூசைக்கு வராத அந்த வெள்ளிக்கெழமையே குடியாத்தம் போனேன். அவரு கட்டிகின பொண்ணு வாசல்ல குந்திகினு நூலு சுத்திகினு இருந்தா. வவுத்துல ஏழு மாசம் இருக்கும். தெருக்கோடியிலயே நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

எட்டு வருஷம். எட்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், என் பின்னால் வீடு வீடாக வந்திருக்கிறாய், சேசுவுக்காக எல்லாவற்றையும் விட்டவள் என்று நான் உன்னைக் காட்டும்போதெல்லாம் சும்மா இருந்திருக்கிறாய். ஏன்டீ சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவ? அழுவ. சனிக்கெழம சாமியாராண்ட போய் சொல்லிட்டு, ஞாயித்துக்கெழம நன்மை வாங்கினு, சுத்தமா வந்து எம் பக்கத்துல குந்துவ." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "ஒனக்கும் தெரிஞ்சு ரெண்டு வருசம் ஆவுது இல்ல? ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. என்னைக்குச் சொல்லப் போறன்னு பாத்துகினே இருந்தேன்."

நான் உன் காலைப் பிடித்தேன். மன்னித்துவிடு என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தாய். அந்த எலும்புக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"ரோசு, மீதி எல்லாத்தையும் சொல்லு. இத மட்டும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லாத. எங்கிட்ட பண்ணது. எங்கிட்டயே இருக்கட்டும்."

நீ என்ன கேட்கிறாய் என்று உனக்குத் தெரியும். சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்துச் செய்கிற பாவசங்கீர்த்தனம் செல்லாது. அதற்குமேல் வாங்குகிற நன்மை தேவதுரோகம். அந்தக் கேள்வி பதிலை உனக்கு மனப்பாடம் செய்ய வைத்ததே நான்தான். நான் சரி என்றேன். நீ கையை விடவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம் விட்டாய். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சியில் உப்பு ஜாஸ்தி என்றாய்.

எட்டாம் நாள் போய்விட்டாய். உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குள், அந்தச் சுவரை ஒட்டினாற்போல் வைக்கச் செய்தேன். அங்கே இடம் இல்லை என்று கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கிற கோயில்பிள்ளை சொன்னார். அவரோடு சண்டை போட்டு, உன் அம்மாவின் கல்லறையைத் திறந்து அதிலேயே வைத்தோம்.

அதிலிருந்து நான் நன்மை வாங்கவில்லை. சபைத் தலைவி எழுந்து போகாவிட்டால் ஊர் பேசும் அல்லவா? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். சபைக்கு நன்மை நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காப்பி குடித்துவிடுகிறேன். நன்மைக்கு முன்னால் இருக்க வேண்டிய உபவாசம் முறிந்துவிட்டது, மறந்து குடித்துவிட்டேன் என்று பெண்களிடம் சொல்கிறேன். முன்பெல்லாம் விடியற்காலையில் ஒரு வாய் குடித்தால் போதும். இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், பூசை தமிழில், சாமியார் நம்மைப் பார்த்து நிற்கிறார், உபவாசமும் ஒரே ஒரு மணி நேரம். அதனால் கோயிலுக்குச் செருப்பு மாட்டிய பிறகு நின்றபடியே குடிக்க வேண்டியிருக்கிறது. ரோசம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது என்று பரிதாபப்படுகிறார்கள்.

அடுத்த வாரம் மறுபடி ஞான ஒடுக்கம் வருகிறது. வீடு வீடாகப் போகிற பெண்களை நானே நடத்த வேண்டுமாம். இன்று அந்தத் தாள் வேலை முடிந்ததும், மற்றவர்களை அழைக்கப் போகிறவர்கள் முதலில் தங்களைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சாமியார் எல்லாரையும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னார். தப்பிக்க முடியவில்லை. போய் மண்டியிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். ஒரு பாவம் இருக்கிறது சாமி, சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாரிடம் என்றார். செத்துப்போன ஒருத்தியிடம் என்றேன்.

"அந்த வாக்கு ஒங்களக் கட்டாதும்மா" என்றார். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பிரியமாகச் சொன்னார் தெரியுமா? "அதுக்கெல்லாம் வழி இருக்கு. சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தேன். அவர் பயந்திருப்பார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நீ என்னை மன்னித்து அதைக் கேட்டாயா, தண்டித்துக் கேட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தண்டனை என்றால் சரியாகத்தான் அளந்திருக்கிறாய். ஆனால் நான் வாய் திறக்காததற்குக் காரணம் வாக்கு மட்டும் இல்லை. சொன்னால் அவர் கையை உயர்த்தி ஒரு மந்திரம் சொல்வார், அரை நிமிஷத்தில் அது இல்லாமல் போய்விடும். நீயும் ஏகாம்பரமும் அந்த ஆற்றங்கரை வீட்டில் வாழாமல் போன வருஷங்கள் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, பசி இல்லை. நாளைக்கு நன்மை நாள், காப்பித்தூள் மட்டும் வாங்கி வந்திருக்கிறேன்.